கூரையைத் தொலைத்துவிட்டு வந்த ஆட்டம்

அச்சரப்பாக்கத்தில் வண்டியை எடுத்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே வந்தால், மேல்மருவத்தூர், மதுராந்தகம், செங்கல்பட்டு, காட்டாங்குளத்தூர் என்று வண்டலூர் வரைக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் குறைவே இல்லை. மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தால் பல இடங்களிலும் ஒரே காட்சிதான்: எதிரெதிரே இரண்டு இரும்புக் கம்பங்கள், வெயிலில் வெளுத்துப்போன போர்டு, வலை அறுந்து வெறும் வளையமாக நிற்கும் ரிங். அந்த ரிங் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். டோக்கியோவுக்குப் போய் அளந்தாலும் 10 அடி, பெரியகுளத்துக்குப் போய் அளந்தாலும் 10 அடி. ஏன் 9 இல்லை, 11 இல்லை? அமெரிக்காவில் ஒரு கட்டடத்தின் பால்கனிக் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் புல்வெளியில் பிறந்து வளர்ந்து, வசதி வந்த பிறகு அரங்கம் கட்டிக்கொண்டவை. கூடைப்பந்துக்கு முதலில் அரங்கம் இருந்தது. ஆட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்படிப்பட்ட ஆட்டம் கடல் கடந்து நம் பக்கம் வரும்போது கூரையையும் சுவரையும் வழியிலேயே தொலைத்துவிட்டது. நூறு வருடம் வெட்டவெளியில் வளர்ந்த பிறகுதான் பல்கலைக்கழகங்களின் புண்ணியத்தில் அதற்கு மறுபடி கூரை கிடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கூரையின் கதைதான் இது.

1891 டிசம்பர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர். வெளியே பனி. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு; ஏறக்குறைய எல்லோரும் மீசை வைத்த பெரிய ஆட்கள். மற்ற மாதங்களில் வெளியே ஃபுட்பால், பேஸ்பால் என்று திரிந்தவர்களைக் குளிர்காலத்தில் ஜிம்முக்குள் அடைத்து, கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்றால் கேட்பார்களா? இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். மூன்றாவதாக மாட்டிக்கொண்டவர் ஜேம்ஸ் நைஸ்மித், கனடாக்காரர், இறையியல் படித்தவர். துறைத் தலைவர் லூதர் கல்லிக் அவருக்கு 14 நாள் கெடு கொடுத்தார்: நாலு சுவருக்குள் ஆட ஒரு புதிய ஆட்டம் வேண்டும்.

நைஸ்மித் யோசித்த விதத்தைப் பார்த்தால், அந்த அறைதான் விதிகளை எழுதியது என்று தோன்றும். மரத் தரையில் விழுந்தால் அடிபடும், ஆகவே பந்தோடு ஓடக் கூடாது. இடம் சின்னது, முட்டி மோத வழியில்லை, ஆகவே உடலில் கை வைக்கக் கூடாது. இலக்கு தரையில் இருந்தால் பந்தை வேகமாக அடிப்பார்கள், சுவருக்கும் ஆளுக்கும் ஆபத்து. ஆகவே இலக்கை உயரத் தூக்கி, வளைத்து எறியச் செய்ய வேண்டும். பதினெட்டு அங்குலச் சதுரப் பெட்டிகள் இரண்டு கிடைக்குமா என்று கட்டடப் பராமரிப்பாளர் ஸ்டெபின்ஸிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைகள் இருக்கின்றன என்றார் ஸ்டெபின்ஸ். கூடைகளை ஆணியடிக்க வசதியாக இருந்தது பால்கனியின் கைப்பிடி. பால்கனி 10 அடியில் இருந்ததால் கூடையும் 10 அடியில். கிடங்கில் பெட்டி கிடந்திருந்தால் ஆட்டத்தின் பெயரே வேறாகியிருக்கும்.

முதல் ஆட்டத்தை ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடினார்கள். விழுந்தது ஒரே ஒரு கூடை. பந்தை எடுக்க ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. ஆனால் அந்த அறையில் நடந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வேடிக்கை பார்க்க வந்தவர்களால் நடந்தது. செய்தி பரவி மாடியில் கூட்டம் சேர்ந்தது. சேர்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? எதிரணியின் பந்து கூடைக்கு அருகே வந்தால் மேலிருந்து கையை நீட்டித் தட்டிவிட்டார்கள். தன் அணியின் பந்தென்றால் உள்ளே தள்ளிவிட்டார்கள். அதைத் தடுக்கக் கூடைக்குப் பின்னால் ஒரு தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. முதலில் கம்பிவலை, பிறகு மரப்பலகை, பிறகு கண்ணாடி. இன்று வீரர்கள் குறிபார்த்து அடித்துப் பந்தைத் திருப்பும் அந்த போர்டு, ரசிகர்களின் கையைத் தடுக்க வந்த வேலிதான்.

வியாபாரிகள் உடனே மோப்பம் பிடித்தார்கள். 1893ல் பிராவிடன்ஸ் நகரத்தின் நாராகன்செட் மெஷின் கம்பெனி இரும்பு வளையமும் நூல்வலையும் செய்து விற்க ஆரம்பித்தது. வலைக்கு அடிப்பாகம் மூடித்தான் இருந்தது. சங்கிலியை இழுத்தால் பந்து வெளியே விழும். அடியை வெட்டிவிட்டால் பந்து தானாகவே விழுந்துவிடுமே என்று உலகத்துக்குத் தோன்றப் பல ஆண்டுகள் பிடித்தன. பந்து அடிக்கடி கூட்டத்துக்குள் பறந்ததால் நியூஜெர்சியின் டிரெண்டன் நகரில் களத்தைச் சுற்றிக் கம்பிவேலியே போட்டு, வீரர்களைக் கூண்டுக்குள் விட்டு ஆடவைத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆடும் ஆட்டமும் அந்த ஊரில்தான் சூடு பிடித்தது.

ஒய்.எம்.சி.ஏ. என்ற அமைப்பு எங்கெல்லாம் கிளை வைத்திருந்ததோ அங்கெல்லாம் இந்த ஆட்டம் தபால் போலப் போய்ச் சேர்ந்தது. பாரீஸில் ரூ த ட்ரெவீஸ் தெருவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில், 1893 டிசம்பரில் ஐரோப்பாவின் முதல் ஆட்டம் நடந்தது. அந்தக் களம் இன்றும் இருக்கிறது. ஆட்டம் பிறந்த காலத்திலிருந்து மிஞ்சியிருக்கும் மிகப் பழைய களம் அதுதான். அதில் ஒரு வேடிக்கை, களத்துக்குள்ளேயே இரும்புத் தூண்கள் நிற்கின்றன. எதிரணியை ஏமாற்றுவதற்கு முன் தூணை ஏமாற்ற வேண்டும்.

பெண்கள் ஆட்டத்தைக் கையில் எடுக்க ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, களத்தை மூன்று பகுதியாகப் பிரித்து விதிகளை மாற்றித் தன் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழகப் பெண்கள் சான் பிரான்சிஸ்கோவில் மோதினார்கள். ஸ்டான்ஃபோர்டு 2, பெர்க்லி 1. பார்க்க வந்தது பெண்கள் மட்டும், ஆண்களுக்கு அனுமதியில்லை. நடந்த இடம் ஒரு படைக்கலக் கொட்டகை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கூடைப்பந்துக்கும் துப்பாக்கிக் கிடங்குக்கும் இன்னொரு முறை உறவு வரப்போகிறது.

அதே 1890களில் இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்கு இந்த ஆட்டம் அரைகுறையாக, விதிப்புத்தகம் இல்லாமல், வாய்மொழியாகப் போனது. போர்டு போகவில்லை, கூடை மட்டும் போனது. அவர்கள் அதையே புல்வெளிக்கு எடுத்துச் சென்று, நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்கு ஏற்றபடி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதை நீக்கிவிட்டு, நெட்பால் என்ற தனி ஆட்டமாக்கினார்கள். அந்த நகல் பிரிட்டிஷ் பேரரசு முழுக்கப் பரவி இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண் தர்ஜினி சிவலிங்கம், ஏறக்குறைய 6 அடி 10 அங்குல உயரம், 2018ல் இலங்கைக்கு ஆசிய நெட்பால் பட்டம் வாங்கித்தந்த அணியின் தூண். ஒரு பிரதியெடுப்புப் பிழைக்கு இதைவிட நல்ல பலன் வேண்டுமா?

பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். 1898ல் நைஸ்மித் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது அங்கே ஆட்டத்துக்குக் கிடைத்தது ஸ்னோ ஹால் என்ற கட்டடத்தின் நிலவறை. கூரை தாழ்வு, வளைத்து எறிய வேண்டிய பந்தை வளைக்கவே முடியாது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் கையில் கன்சாஸ் அணி ஜெயித்த ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்ட ஒரே பயிற்சியாளர் அவர்தான். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆடுவதற்கான ஆட்டம், இதற்கெல்லாம் பயிற்சியாளர் எதற்கு என்பது அவர் கட்சி. அவரிடம் படித்த ஃபாக் ஆலன் எதிர்க்கட்சி. பயிற்சியாளர் என்ற வேலையையே ஒரு தொழிலாக்கிக் காட்டினார்.

ஆலன் காலத்தில் கூட்டம் பெருகியது, இடம் போதவில்லை. 1927 முதல் கன்சாஸ் அணி ஹோக் ஆடிட்டோரியம் என்ற கலையரங்கில் ஆடியது. நாடகத்துக்கும் கச்சேரிக்கும் கட்டிய இடத்தில் ரிங்கை வைத்து ஒப்பேற்றினார்கள். பெரிய அரங்கு வேண்டும் என்று ஆலன் கேட்டு வாங்கி, 1952ல் வேலை தொடங்கியபோது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ரேஷனில். பந்தாட்டத்துக்கெல்லாம் எஃகு கிடையாது என்று அரசு சொல்லிவிடும் நிலை. பல்கலைக்கழகம் ஒரு காரியம் செய்தது: கட்டட வரைபடத்தில் துப்பாக்கி வைக்கும் அறைகளைச் சேர்த்து, இது படைக்கலக் கிடங்காகவும் பயன்படும் என்று எழுதிக்கொடுத்தது. எஃகு வந்துவிட்டது. 1955 மார்ச் 1 அன்று திறந்த ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் அப்போது சுமார் 17,000 பேர் உட்கார முடிந்தது. அரங்குக்குச் சிஷ்யன் பெயர், அரங்கு இருக்கும் சாலைக்குக் குரு பெயர். நைஸ்மித் 1891ல் எழுதித் தட்டச்சு செய்வித்த 13 விதிகளின் அசல் தாள்கள் 2010ல் ஏலத்துக்கு வந்தபோது, கன்சாஸின் பழைய மாணவர் ஒருவர் 43 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார். அவை இப்போது அந்த அரங்கை ஒட்டியே காட்சிக்கு இருக்கின்றன.

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்திலும் ஒரு புகழ்பெற்ற அரங்கு உண்டு. 1935ல் பயிற்சியாளர் எடி கேமரன் ஒரு தீப்பெட்டி அட்டையில் அதன் முதல் படத்தைக் கிறுக்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முறையான வரைபடத்தைத் தந்தது பிலடெல்பியாவின் டிரம்பாவர் நிறுவனம்; அங்கே அதை வரைந்தவர் ஜூலியன் ஏபெல் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். 1940 ஜனவரியில் அரங்கு திறந்தது. அப்போது டியூக்கில் கறுப்பின மாணவர்கள் படிக்க முடியாது. தான் வரைந்த பல்கலைக்கழகத்தில் தன் பிள்ளையைச் சேர்க்க முடியாத கலைஞர். எத்தனையோ கோயில் கட்டிய கைகளை உள்ளே விடாத நமக்கு இது ஒன்றும் புரியாத சங்கதி இல்லை.

பிலடெல்பியா என்றதும் சென்னைக்கு வரலாம். இரண்டு ஊருக்கும் இடையே நேர்வழி ஒன்று இருக்கிறது. 1890ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய டேவிட் மெக்கனாஹி பிலடெல்பியாவிலிருந்து வந்தவர். பாரிமுனைக்கு அருகே, இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர் ஜான் வானமேக்கர், பிலடெல்பியாவின் பெரிய ஜவுளிக்கடை முதலாளி, அமெரிக்காவின் தபால்துறை அமைச்சராகவும் இருந்தவர். அங்கே சேலை விற்ற காசு என்று சொல்ல முடியாது, கோட்டும் கவுனும் விற்ற காசு இங்கே கட்டடமாயிற்று.

நைஸ்மித் பிற்காலத்தில் எழுதிவைத்த கணக்குப்படி, ஸ்பிரிங்ஃபீல்டின் அந்த முதல் வகுப்பில் இருந்த டங்கன் பேட்டன் என்ற கனடாக்காரரே 1894ல் ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர். பிறந்து மூன்று வருடத்துக்குள் இந்தியா. ஆனால் அது இங்கே வேர் பிடித்தது அப்போது இல்லை. அதற்கு இன்னொரு ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர் வர வேண்டியிருந்தது.

ஹாரி குரோ பக் 1919ல் சென்னை வந்தார். பென்சில்வேனியாக்காரர், நைஸ்மித் படித்த அதே கல்லூரியில் பயின்றவர். 1920ல் எஸ்பிளனேடில் ஐந்து மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு உடற்கல்விப் பள்ளி தொடங்கினார். ஆசியாவிலேயே அந்த வகையில் முதல் நிறுவனம். பிறகு அது அடையாற்றங்கரையில் நந்தனத்துக்கு இடம் மாறி, மரங்கள் அடர்ந்த பெரிய வளாகத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக இன்றும் இருக்கிறது. 1924ல் பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றவர்களில் பக் ஒருவர். 1943ல் சென்னையிலேயே இறந்தார்.

கூரை தொலைந்தது இங்கேதான். யாரும் திட்டமிட்டுத் தூக்கி எறியவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் கூரை வந்தது பனிக்காக. சென்னையில் பனி ஏது? மின்விசிறி பரவாத காலத்தில் நாலு சுவருக்குள் பத்துப் பேரை ஓடவிட்டால் வெந்துபோவார்கள். மேப்பிள் மரத் தரை போட வேண்டுமென்றால் கப்பலில் வர வேண்டும். வந்தாலும் நம் ஈரக்காற்றுக்கும் கரையானுக்கும் தாங்குமா? மண்ணைச் சமன்படுத்தித் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு கம்பம் நட்டால் களம் தயார். வெயில் தாழ்ந்து கடற்காற்று எழும் நேரத்தில் ஆட்டம். காற்று பந்தைத் திருப்பிவிடுமே என்றால், திருப்பும்தான். அதனால் தூரத்திலிருந்து எறிவதைவிடக் கூடைக்குக் கீழே புகுந்து போடுவதை நம்பும் பழக்கம் வெளிக்களத்துப் பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

பக்கிடம் படித்தவர்கள் பள்ளிகளுக்குப் போனார்கள். அதுவரை டிரில் மாஸ்டராக இருந்தவர் பி.டி. வாத்தியார் ஆனார். பக் தொகுத்து ஒய்.எம்.சி.ஏ. வெளியிட்ட விளையாட்டு விதிப்புத்தகம் அவர்கள் கையில் இருந்தது. களத்தின் நீளம் எவ்வளவு, கம்பம் எங்கே, கோடு எங்கே என்று அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தமிழ்நாட்டின் எத்தனையோ பள்ளி மைதானங்களில் கயிறு பிடித்து அளந்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் அரங்கம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது கட்டடமாக அல்ல, அளவுகளாக.

ஏழைநாட்டு ஏற்பாடு என்று இதை நினைத்துவிட வேண்டாம். 1936ல் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது பெர்லினில் அதை ஆடவைத்தது திறந்தவெளியில், டென்னிஸ் மைதானத்து மண்தரையில். அமெரிக்காவும் கனடாவும் மோதிய இறுதி ஆட்டத்தின்போது மழை கொட்டியது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. தட்டிக்கொண்டு ஓட முடியாமல் எறிந்து பிடித்தே ஆட்டத்தை முடித்தார்கள். 19க்கு 8 என்று அமெரிக்கா வென்றது. நைஸ்மித் அங்கே இருந்தார். மழைக்கும் பனிக்கும் ஒதுங்கத் தான் கண்டுபிடித்த ஆட்டம் மழையில் நனைவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவர் 1939ல் காலமானார். ஒலிம்பிக் கூடைப்பந்து கூரைக்குள் போனது 1948ல், லண்டனில்.

நம் ஊரில் வெட்டவெளியே ஒரு கலாசாரமாகிவிட்டது. மே மாதம் வந்தால் பெரியகுளம் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அகில இந்தியப் போட்டி. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊருக்கு ராணுவ அணியும் வங்கி அணியும் ரயில்வே அணியும் வந்து ஆடுகின்றன. கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை. சென்னை லயோலா கல்லூரியில், அதன் நிறுவனர் பெர்ட்ரம் பாதிரியார் பெயரில் கல்லூரி அணிகளுக்கான போட்டி. மின்னொளிப் போட்டி என்று நோட்டீஸ் அடித்தாலே போதும், சாப்பாட்டை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு கேலரிக்கு வந்துவிடும் ஊர்கள் உண்டு. டிக்கெட் கொடுத்து இருட்டு மண்டபத்துக்குள் அழைத்திருந்தால் அந்தத் தாய்மார்கள் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பந்துக்கும் ஒரு பயணம் உண்டு. பிரிவினைக்கு முன் விளையாட்டுச் சாமான்களுக்குப் பெயர்போன ஊர் சியால்கோட். 1947ல் அங்கிருந்து புறப்பட்ட கைவினைஞர்களும் வியாபாரிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் மறுபடி கடை போட்டார்கள். தோல்பந்து மரத்தரைக்கு ஏற்றது. சிமெண்ட் கோர்ட்டில் அடித்தால் சில மாதத்தில் தேய்ந்துவிடும். ஆகவே நம் பள்ளிகளுக்கு வந்ததெல்லாம் ரப்பர் பந்து. தரை மாறினால் பந்து மாறும், பந்து மாறினால் கை மாறும். ரப்பர் பந்தில் பழகிய பிள்ளை முதன்முதலாக மரத்தரையில் தோல்பந்தைத் தட்டும்போது, அது எழும்பும் வேகமே வேறாக இருக்கும்.

ஏன் இவ்வளவு பேர் ஆடினார்கள் என்பதற்கு விளையாட்டு ஆர்வம் மட்டும் பதில் ஆகாது. தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமானவரித் துறை எல்லாம் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியானார். தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தபடி நாட்டுக்காகப் பல ஆண்டுகள் ஆடினார். 2021ல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஸ்டேடியத்தைக் காட்டி யாரும் அவரை இழுக்கவில்லை. பள்ளி மைதானம் இழுத்தது.

கூரை திரும்பி வந்தது 1995ல். சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஒட்டி உள்விளையாட்டரங்கம் எழுந்தது. 2009 செப்டம்பரில் ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி அங்கேதான் நடந்தது. சீனா பட்டம் வென்றது. கன்சாஸில் கலையரங்கு கூடைப்பந்துக்கு இடம் கொடுத்தது என்றேனே, சென்னையில் நடப்பது தலைகீழ். பெரிய நடிகர் படத்தின் இசை வெளியீடு என்றால் நேரு உள்விளையாட்டரங்கம்தான். 2022ல் பொன்னியின் செல்வன் பாடல்கள் வெளியானது அங்கே. அதே ஆண்டு ஜூலையில் செஸ் ஒலிம்பியாடின் தொடக்க விழாவும் அங்கேயே. ஆட்டங்கள் மட்டும் மாமல்லபுரம் பூஞ்சேரியில். புரோ கபடி வந்தபோது தமிழ் தலைவாஸ் அணியின் சொந்தக் களமும் இந்த அரங்குதான் ஆனது. கூரைக்குள் பிறந்த கூடைப்பந்து இங்கே மண்ணுக்கு வந்தது; மண்ணில் பிறந்த கபடி கூரைக்குள் போய் மெத்தை விரித்துக்கொண்டது. இரண்டும் வாசலில் சந்தித்திருந்தால் ஒன்றையொன்று ஏளனமாகப் பார்த்திருக்கும்.

பல்கலைக்கழகங்கள் பிந்தித்தான் வந்தன, வந்த வேகம் பெரிது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்குப் பாதி கிட்டத்தட்டப் பல்கலைக்கழக நாடு. காட்டாங்குளத்தூரில் 1985ல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம்., படூரில் இந்துஸ்தான், வண்டலூரில் கிரசண்ட், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி. அதே சாலையில் மேலக்கோட்டையூரில், 2004ல் சட்டமியற்றி மறு ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். ஐந்து மாணவர்களோடு பக் ஆரம்பித்த கல்லூரி இப்போது இதனோடு இணைந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் தமிழகத்தில் நடந்தபோது சைக்கிள் பந்தயங்கள் மேலக்கோட்டையூரில், கூடைப்பந்து கோவையில்.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கு நல்ல அணி ஒரு விளம்பரம். கட்டணமில்லாப் படிப்பு, விடுதி, சாப்பாடு என்று கொடுத்துப் பள்ளியிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணியை அனுப்பவோ நடத்தவோ வேண்டுமென்றால் நல்ல களம் வேண்டும். போட்டிகள் நெருங்கும் மாதங்களில்தான் நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த கோர்ட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்ய முடியாது. சிமெண்டில் தண்ணீர் நின்றால் வழுக்கும், கணுக்கால் போகும். ஸ்பிரிங்ஃபீல்டில் பனி செய்த வேலையை இங்கே மழை செய்கிறது. ஆட்டம் கூரையைத் திரும்பக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கூரையோடு கூடவே வந்துசேர்ந்தவை வாசல், காவலாளி, அடையாள அட்டை. எனக்கு இதில்தான் மனத்தாங்கல். திறந்த கோர்ட்டில் ஆடுகிறவனை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்டவர்கள் நம் ஊரில் ஏராளம். மூடிய அரங்கில் நடப்பது வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. மதுராந்தகத்திலோ செய்யூரிலோ ஒரு பத்தாம் வகுப்புப் பெண் மரத்தரை எப்படி இருக்கும் என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்வது மாநிலத் தேர்வு ஆட்டத்தன்றுதான் என்றால், அன்றைக்கு அவளால் எப்படி ஓட முடியும்?

எல்லாப் பள்ளிக்கும் அரங்கம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். சுவரில்லாமல், நாலு பக்கமும் காற்று வர, இரும்புச் சட்டத்தின் மேல் தகரக் கூரை போட்ட களம் போதும். மழை நனைக்காது, வெயில் சுடாது, வேடிக்கை பார்ப்பவனையும் தடுக்காது. பல தனியார் பள்ளிகள் இதைச் செய்துவிட்டன. அரசுப் பள்ளிகளுக்கு ஒன்றியத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

அது வரும்வரைக்கும் பல்கலைக்கழகங்கள் ஒன்று செய்யலாம். கல்லூரி விடுமுறை விடும் மே மாதத்தில் அவர்களின் உள்ளரங்குகள் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. அந்த மாதம் காலையில் இரண்டு மணி நேரம், அச்சரப்பாக்கம், மதுராந்தகம், செய்யூர் பக்கத்து அரசுப் பள்ளி அணிகளைப் பி.டி. வாத்தியாரோடு உள்ளே விடுங்கள். போக்குவரத்துக்குக் கல்லூரிப் பேருந்துகளும் அப்போது நின்றுகொண்டுதான் இருக்கின்றன.